‘ஸ்டே’ என்னும் ஒரு சொல்: தங்கினோரும் குடியிருந்தோரும்

ஆங்கில மொழியில் நாள்தோறும் வழங்கும் வினைச்சொற்களுள் சில, உருவத்தாற் சிறியன, பொருளாற் பெரியன. ‘ஸ்டே’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. நில் என்றும், இரு என்றும், தங்கு என்றும், காத்திரு என்றும், தடு என்றும் பல பொருள்களை அச்சிறு சொல் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரில் அதற்கு மேலும் ஒரு பொருள் சேர்ந்துள்ளது. அப்பொருளின் வரலாற்றை ஆராய்வார்க்கு, நம் தமிழ் மக்களின் வரலாற்றில் ஒரு பகுதியும் உடன் புலனாகும்.

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியாகிய ஜூரோங்கில் வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட ஒரு பெரியவரை, ‘உங்கள் வீடு எங்கே?’ என்று ஆங்கிலத்தில் வினவினால், அவர் ‘ஐ ஸ்டே இன் ஜூரோங்’ என்றே விடை கூறுவார். இலண்டனிலிருந்து வந்த ஆங்கிலேயர் ஒருவர் இவ்விடையைக் கேட்பாராயின், ‘இவர் சில நாள் ஜூரோங்கில் தங்கியிருக்கிறார், பின்னர்த் தம் ஊருக்குத் திரும்புவார் போலும்’ என்று கருதிவிடுவார். இங்கிலாந்தின் பொது வழக்கில், நிலையாக வாழ்தலுக்கு ‘லிவ்’ என்பதும், சில நாள் தங்குதலுக்கு ‘ஸ்டே’ என்பதும் உரிய சொற்கள். விருந்தினர் செய்வது ‘ஸ்டே’; வீட்டுக்கு உரியவர் செய்வது ‘லிவ்’.

எனவே, நம் பெரியவர் கூறிய விடையை இலக்கண ஆசிரியர் வழு என்று சுழிப்பர். வழு என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும், பல இனத்தாரும் பல மொழியாரும் கூடி வாழும் ஒரு நாட்டில், எல்லாரும் ஒருங்கே ஒரு சொல்லை ஒரே பொருளில் ஆள்வாராயின், அதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும் அன்றோ? அக்காரணத்தைக் காண, முதலில் அச்சொல்லின் பிறப்பை நோக்குவோம்.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் ‘ஸ்தாரே’ என்பதற்கு நிற்றல் என்பது பொருள். வடமொழியில் ‘ஸ்தா’ என்னும் வேரும் இதனோடு உறவுடையது. தலம், தாபனம் எனத் தமிழில் வழங்கும் சொற்களும் அவ்வேரின் வழி வந்தவையே. இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் புகுந்து திரிந்தது. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்று, அவர்தம் பிரெஞ்சு மொழி அரசு மொழியாக விளங்கிய காலத்தை ஒட்டி, அது ஆங்கிலத்திலும் ஏறியது. அதுவே ‘ஸ்டே’.

நிற்றல் என்பதே வேர்ப்பொருளாதலின், செல்வதை விட்டு நின்றுவிடுதல் என்பது இச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்றாயிற்று. நின்றவன் போகாமல் இருப்பான். ஆகவே, போகாது இருத்தல் என்னும் பொருள் கிளைத்தது. போகாது இருப்பவன் ஒருவர் வரவை நோக்கி இருப்பான்; ஆகவே, காத்திருத்தல் என்னும் பொருள் உண்டாயிற்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இச்சொல் காத்திருத்தல் என்னும் பொருளிலும், தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளிலும் வருதலைக் கற்றோர் அறிவர். வழியில் ஓரிடத்தில் இரவு நிற்பவன் அங்குத் தங்குகிறான். ஆகவே, தங்குதல் என்னும் பொருளும் வந்தது. ஒரு நிலையினின்று மாறாதிருத்தலும் ‘ஸ்டே’ எனப்பட்டது. ‘பேசாமல் இரு’, ‘விழித்திரு’ என்னுமிடங்களில் நாம் ‘இரு’ என்பதைத் துணைவினையாக ஆள்வது போல, ஆங்கிலேயர் இதனை ஆள்கின்றனர்.

கப்பலின் பாய்மரம் சாயாதபடி இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்டே’ என்றே பெயர். ஆனால் அது செருமானிய இனத்துப் பழஞ்சொல்; இலத்தீன் வழி வந்ததன்று. ஒலியால் ஒன்றுபட்டமையால், இவ்விரண்டும் ஒரு சொற்போலத் தோன்றுகின்றன. இவற்றை ஒன்றென மயங்குதல் கூடாது.

இரண்டு வாயில்கள்

இனி, இச்சொல் தமிழர் பேச்சில் புகுந்த வகை வியப்புக்குரியது. ஒரே சொல் இரண்டு வாயில்களின் வழியே, இரண்டு பொருள்களைச் சுமந்துகொண்டு நம்மிடம் வந்தது.

தமிழ்நாட்டில் ஆங்கிலம் அறியாத உழவரும் ‘ஸ்டே’ என்பதை அறிவர். ‘பங்காளி கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிட்டான்’ என்பது சிற்றூர்த் திண்ணைகளிலும் கேட்கக்கூடிய பேச்சு. அங்கே அது வினையன்று, பெயர். வழக்கு முடியும் வரையில் ஒரு செயலை நிறுத்தி வைக்கும்படி நீதிமன்றம் இடும் ஆணைக்கு அது பெயர். நிறுத்துதல் என்னும் பழம்பொருள், ஆங்கிலேயர் அமைத்த நீதிமன்றங்களின் வாயிலாக, நிலவழக்குகளோடு ஊர்ப்புறம் வரையில் சென்று சேர்ந்துவிட்டது.

சிங்கப்பூர்த் தமிழரிடம் வழங்குவது வேறு. ‘நீங்கள் எங்கே ஸ்டே பண்ணுகிறீர்கள்?’ என்று ஒருவரை ஒருவர் வினவுவர். ‘ஜூரோங் ஈஸ்டில்’ என்றோ, ‘பூன் லே பக்கம்’ என்றோ விடை வரும். இங்கே இருத்தல் என்னும் பொருளே நிற்கிறது. நிறுத்துதல் என்னும் பொருளுக்கு இடமில்லை. கடல் கடந்த ஒரே இனத்தாரிடையே ஒரு பிறமொழிச் சொல் இங்ஙனம் இருவேறு வாழ்வு பெற்றது. அங்கே நிலத்தைப் பற்றிய வழக்கு அச்சொல்லைக் கொண்டுவந்தது. இங்கே வீட்டைப் பற்றிய வினா கொண்டுவந்தது.

நிற்றலும் இருத்தலும்

நிலையாக வாழ்வதை ‘ஸ்டே’ என்று கூறும் வழக்கு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தில் இன்றும் ‘உங்கள் வீடு எங்கே?’ என்பதை இச்சொல்லைக் கொண்டே கேட்பர். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஆங்கிலம் பேசுவோர் பலர் இவ்வாறே கூறுவர். எனவே, இதனைச் சிங்கப்பூரார் தாமே செய்துகொண்ட பிழை என்பது பொருந்தாது.

1819-இல் சிங்கப்பூரில் பிரித்தானியர் அமைத்த முதற்பெரும் பதவியின் பெயர் ‘ரெசிடெண்ட்’ என்பது. அப்பெயரினுள் இருப்பது உட்கார்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர். முதலில் அப்பதவியில் அமர்ந்த வில்லியம் ஃபார்குவார், அவர்பின் வந்த ஜான் கிராஃபர்டு ஆகிய இருவருமே ஸ்காட்லாந்தியர். ‘உறைவோர்’ என்று பெயர் பெற்ற இவ்விருவரும் இங்கு நிலைத்து உறையவில்லை. முன்னவர் 1823-இல் பதவியிழந்தார். பின்னவர் 1826-இல் நீங்கினார். பெயரளவில் உறைவோர், உண்மையில் வந்து சென்றோர்.

உட்கார்தல் என்னும் பொருளிலிருந்து வாழ்தல் என்னும் பொருள் பிறத்தல் இலத்தீனுக்கு மட்டும் உரிய இயல்பன்று. மலாய் மொழியில் ‘டூடோக்’ என்றால் உட்கார்தல். ‘எங்கே டூடோக்?’ என்றால், ‘உன் வீடு எங்கே?’ என்று பொருள். குடிமக்கள் தொகுதியை அம்மொழி ‘பெண்டுடோக்’ என்னும், அதாவது உட்கார்ந்திருப்போர். தமிழிலும் இவ்வாறே. ‘இரு’ என்பதற்கு உட்கார் என்பதும் பொருள். ஈழத்தமிழர் விருந்தினரை ‘இருங்கோ’ என்று உபசரிக்கையில், உட்காருங்கள் என்பதே கருத்து. உட்காரும் இடம் இருக்கை. வாழும் இடம் இருப்பிடம்.

மலாய் மொழியில் ‘திங்கால்’ என்று மற்றொரு சொல் உண்டு. வாழ்தல் என்பதும், பின்தங்கி எஞ்சியிருத்தல் என்பதும் அதன் பொருள்கள். விடைபெற்றுச் செல்பவர், இருப்போரை நோக்கி ‘செலாமாட் திங்கால்’ என்பர். இருப்போரே, நலமாக இருங்கள் என்பது அதன் கருத்து. சீன மொழியில் ‘ஜூ’ என்னும் சொல் வீட்டில் வாழ்தலுக்கும், விடுதியில் தங்குதலுக்கும் பொது, ‘நில்!’ என்று ஒருவரைத் தடுத்து நிறுத்தும் தொடரிலும் அதே சொல் வரும். இவ்வகையில் அது ஆங்கில ‘ஸ்டே’க்கு உடன்பிறந்தது போல்வது.

தமிழர் ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பழகியவர். மலாய்க்காரர் ‘திங்கால்’ எனவும், சீனர் ‘ஜூ’ எனவும் வினவிப் பழகியவர். இவ்வினாக்களுள் ஒன்றிலும் நிலையாகவா, சில நாளுக்கா என்னும் பகுப்பு இல்லை. இம்மூவரும் ஆங்கிலத்தில் ஒருவரோடொருவர் பேசப் புகுந்தபோது, இரு பொருளுக்கும் இடந்தரும் ‘ஸ்டே’ என்னும் சொல்லே மூவர் நாவுக்கும் இசைந்தது. வழு என்று எண்ணப்பட்ட வழக்கின் காரணம் இதுவே.

தமிழ் காட்டும் வேறுபாடு

ஆயினும் தமிழில் ‘இரு’ என்னும் பொதுச்சொல் மட்டும் அன்றி, நுண்ணிய வேறுபாடு காட்டும் சொற்களும் உள. உறைதல், வதிதல், வைகுதல், வாழ்தல், தங்குதல், குடியிருத்தல் எனப் பலவுண்டு. இவற்றுள் தங்குதல், குடியிருத்தல் என்னும் இரண்டும் இன்றும் பேச்சில் உயிரோடு நிற்பவை. அவற்றை ஈண்டு ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

‘தங்கு’ என்பது ஆங்கிலச் சொல்லுக்கு மிக அணித்தானது. நின்றுவிடுதல், தடைப்படுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ‘தங்கு தடையின்றி’ என்னும் தொடரில் தங்கு என்பதும் தடையைக் குறித்தே நிற்கிறது. போகும் வழியில் நிற்பதே தங்குதல். மேலும் செல்லவேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதை அச்சொல் கேட்போர்க்கு உணர்த்திவிடுகிறது.

குடியிருத்தல் அத்தகையதன்று. குடி என்பது குடும்பத்தையும், குலத்தையும், ஓர் ஆட்சியின்கீழ் வாழும் மக்களையும் குறிக்கும். குடித்தனம், குடிபுகுதல், குடியேற்றம், குடிமகன், குடியுரிமை என்பனவெல்லாம் அதன் கிளைகள். இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்கவேண்டும். தங்குதலுக்கும் குடியிருத்தலுக்கும் உள்ள வேறுபாடு கால அளவினால் ஆயதன்று. சொந்த வீடு உண்டா, இல்லையா என்பதனாலும் ஆயதன்று. வாடகை வீட்டில் மனைவி மக்களோடு ஆறு திங்கள் இருப்பவரையும் ‘குடியிருக்கிறார்’ என்கிறோம். சென்னைத் திருவல்லிக்கேணியில் தனியாள்கள் அறையெடுத்துத் தங்கும் ‘மேன்ஷன்’களில், பத்தாண்டு கழித்த ஒருவரையும் ‘தங்கியிருக்கிறார்’ என்றே சொல்கிறோம். அடுப்பு மூட்டிக் குடும்பம் நடத்தும் இடத்தில் குடியிருப்பு உண்டாகிறது. தனியாள் எத்தனை ஆண்டு இருப்பினும் நம் மொழிக்கு அவர் தங்குபவரே.

இவ்வேறுபாட்டை ஓர் அளவுகோலாகக் கொண்டு, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை நோக்குவோம்.

தங்கியோர் கட்டிய நகர்

1819-இல் ராஃபிள்சு அவர்களோடு சிங்கப்பூர் வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே செங்கல் சூளை அமைத்துத் தொழில் நடத்திய அவர், 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தார். அவரைப் போல் தாமே விரும்பி வந்தோர் சிலர். 1825-இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1873-இல் கைதிச்சிறை கலைக்கப்படும் வரையில், இந்நகரின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்தம் உழைப்பு கலந்தது. இன்றும் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும், இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவர் கைவினையால் எழுந்தவை. அவர்களை இங்கு இருத்தியது நீதிமன்றத் தீர்ப்பு. விடுதலை பெற்றபின் இங்கேயே குடும்பம் கொண்டோரும் உண்டு. ஊர் திரும்பியோரும் உண்டு.

பின்னர் மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்கும், இருப்புப் பாதைகளுக்கும், துறைமுகங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்த முறையிலும், கங்காணி முறையிலும் தென்னாட்டுத் தொழிலாளர் கப்பலேறினர். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. 1938-இல், கைத்தேர்ச்சியற்ற தொழிலாளரைப் பயணச்செலவு கொடுத்து மலாயாவுக்கு அழைத்துச் செல்வதை இந்திய அரசு அறவே தடுத்தது. இவ்வாறு வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, சிங்கப்பூர் இந்தியரில் ஆண்களின் தொகை பெண்களின் தொகையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. குடும்பம் ஊரில், உழைப்பு இங்கே. ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் தமிழ்நாட்டுக்கே போவதாகப் பொருள். ஊர் என்னும் சொல் கடலுக்கு அப்பாலே நின்றது. இங்கிருந்தது தங்குமிடம் மட்டுமே.

இந்நிலை மாறிய காலம் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது. குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் இங்கே பிறந்தனர். 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. வெளிநாட்டில் பிறந்தோரும், அவரவர் நிலைக்கேற்ப 2 ஆண்டு முதல் 8 ஆண்டு வரையில் இங்கு உறைந்தமை காட்டிக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள அச்சட்டம் வழிவகுத்தது. 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள், தமிழர் இவ்வாய்ப்பை நழுவ விடாது குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். தங்க வந்தோர் குடியிருந்தோர் ஆனது அந்தத் தலைமுறையில்தான்.

எல்லாரும் அவ்வாறு ஆகவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பிரித்தானியப் படைகள் விலகும் என 1968-இல் அறிவிக்கப்பட்டு, 1971-இல் அவ்விலகல் நிறைவேறியது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் நெடுங்காலம் உழைத்த இந்தியத் தொழிலாளர் பலர், குடியுரிமை இல்லாமையால், வேலை போனதும் ஊர் திரும்பினர். ஆண்டுகளை எண்ணினால் அவர்கள் நெடுநாள் வாழ்ந்தவர்; ஏட்டை நோக்கினால் அவர்கள் தங்கியவர்.

ஜூரோங்கின் கதை

இனி ஜூரோங்குக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் கேம்பியரும் விளைந்த நிலம் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பால்மரம் விளைந்தது. ஆற்றங்கரைச் சதுப்பில் இறால் குட்டைகள் இருந்தன. பூன் லே என்னும் இடப்பெயர், அங்குத் தோட்டம் வைத்திருந்த சூ பூன் லே என்னும் சீனச் செல்வரின் பெயரால் வந்தது.

1960-இல் வின்செமியஸ் என்னும் டச்சுப் பொருளியல் அறிஞர், ஐக்கிய நாடுகள் அவையின் குழுவோடு வந்து, சிங்கப்பூரின் தொழில் வளர்ச்சிக்கு வழிவகைகளை ஆராய்ந்தார். 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ அவர்களின் முயற்சியால், ஜூரோங்கின் குன்றுகள் தகர்க்கப்பட்டுச் சதுப்புகள் தூர்க்கப்பட்டன. 1962 செப்டம்பரில் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயினும் தொடக்கத்தில் ஆலைகள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. ‘கோவின் மடமை’ என்று அத்திட்டத்தை எள்ளி நகையாடியோரும் உண்டு.

ஆலைகள் வந்தபின்பும் ஒரு குறை தீரவில்லை. வேலைக்கு ஜூரோங் வந்தவர், மாலையானதும் நகருக்கே திரும்பினர். கடைத்தெருவும் பள்ளியும் கோயிலும் உறவினரும் இல்லாத இடத்தில் எவர் குடிபுகுவர்? தொழிலாளருக்கெனத் தாமான் ஜூரோங்கில் வீடுகள் எழுந்தபோதும், அவற்றுக்கு மக்களை ஈர்ப்பது எளிதாய் இருக்கவில்லை. தாமான் என்பதற்கு மலாய் மொழியில் தோட்டம் என்பது பொருள்; பெயரால் தோட்டம், தோற்றத்தால் புழுதி மண்டிய ஆலைப்புறம். 1968-இல் ஜூரோங் நகர்க் கழகம் தோன்றியபின், ஆலையோடு பூங்காவும் ஏரியும் அமைந்தன. 1971-இல் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. அது 2023 வரையில் ஜூரோங்கிலேயே இருந்தது. அக்கழகத்தின் வீடுகள் 1982-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் சேர்ந்தன. 1988-இல் பெருவிரைவு ரயில் ஜூரோங் ஈஸ்ட் வரை வந்தது. இன்று அங்கே முருகன் ஆலயமும் உண்டு. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அன்று இருப்பதற்கே ஆளில்லாத ஜூரோங், இன்று ‘ஐ ஸ்டே இன் ஜூரோங்’ என்று பெருமையோடு சொல்லும் ஊராயிற்று.

அதே ஜூரோங்கில் மற்றொரு சாராரும் இதே சொற்றொடரைக் கூறுகின்றனர். தோ குவான், பெஞ்சுரு ஆகிய இடங்களில் வெளிநாட்டு ஊழியர்க்கான பெரிய தங்குவிடுதிகள் உள்ளன. கட்டுமானத் தொழிலிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் ஆடவர் அங்கு இருக்கின்றனர். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர். ஞாயிறன்று சிராங்கூன் சாலைக்கு வந்து, பணம் அனுப்பி, நண்பரைக் கண்டு, இரவில் மீண்டும் ஜூரோங் திரும்புவர். ‘எங்கே ஸ்டே?’ என்று எவரேனும் வினவினால், ‘ஜூரோங்’ என்பதே அவர் தரும் விடை. அடுக்குமாடி வீட்டுக்காரரும் அதே சொல்லைச் சொல்கிறார். விடுதி ஊழியரும் அதே சொல்லைச் சொல்கிறார். பொருளோ வேறு.

அவ்வேறுபாடு 2020-இல் நாடறியப் புலனாயிற்று. கொள்ளை நோய் பரவிய அவ்வாண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரையில், எல்லாரும் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது ஆணை. ‘ஸ்டே ஹோம்’ என்பதே எங்கும் ஒலித்த தொடர். அதற்கு முன்பே, ஏப்ரல் 5-ஆம் நாள், பொங்கோலில் ஒரு விடுதியும் தோ குவானில் ஒரு விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. பின்னர் மேலும் பல விடுதிகள் சேர்ந்தன. நாடு முழுவதும் விடுதிகளில் இருந்த ஊழியர் தொகை 3 லட்சத்துக்கும் மேல். வீட்டில் இருந்தவர்க்கு ‘ஸ்டே’ என்பது இருத்தல். விடுதியில் இருந்தவர்க்கு அது வெளியே செல்லாதபடி நிறுத்தப்படுதல். தமிழ்நாட்டு நீதிமன்றத்து ‘ஸ்டே’யும் சிங்கப்பூர் வீட்டு ‘ஸ்டே’யும் அவ்விடத்தில் ஒன்றாயின.

சட்டமும் சொல்லும்

பேச்சில் பகுப்பு இல்லாத போதும், சட்டத்தில் பகுப்பு உண்டு. அனுமதித்த காலத்துக்கு மேல் இருத்தலை ஆங்கிலத்தில் ‘ஓவர்ஸ்டே’ என்பர். 90 நாளுக்கு மேல் அவ்வாறு இருப்போர்க்குப் பிரம்படியும் உண்டு என 1989-இல் குடிநுழைவுச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வருவோர், அடிப்படைத் தேர்ச்சியினராயின் 14 ஆண்டும், உயர் தேர்ச்சியினராயின் 26 ஆண்டும் மட்டுமே வேலை செய்யலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அவ்வரம்பு நீங்கிவிட்டது. எனினும், அச்சீட்டில் உள்ளவர் மனைவி மக்களை அழைத்துவந்து குடும்பம் நடத்த இயலாது; நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவும் இயலாது.

1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 8 ஆண்டு உறைந்தவர் குடிமகன் ஆகலாம். பின்னைய முறையில் 26 ஆண்டு உழைத்தவரும் தங்கியவரே. இஃது ஒவ்வொரு நாடும் தன் இட அளவும் நலமும் கருதி வகுத்துக்கொள்ளும் நெறி. அந்நெறியின் நன்மை தீமையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் மொழி கொண்ட அளவுகோலையே சட்டமும் கொண்டிருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. காலம் எத்தனை நீண்டாலும், குடும்பம் இல்லாத இடத்தில் குடி இல்லை.

தெரித்து மொழிதல்

பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் இரு வகையாகப் பகுத்துள்ளார். உடன் வரும் வினையால் பொருள் விளங்கிவிடுவது ஒன்று. அங்ஙனம் விளங்காதது மற்றொன்று. மா என்பது மரமா, விலங்கா என்பதைப் பூத்தது, ஓடியது என வரும் வினை காட்டிவிடும். வினையால் விளங்காதவிடத்து, பேசுவோன் தன் கருத்தை வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜூரோங் என்னும் இடப்பெயரோடு ‘ஸ்டே’ என்னும் சொல் சேர்ந்து வருகையில், பொருள் தானே விளங்குவதில்லை. ஆகவே, அதனைத் தமிழில் பெயர்ப்போர்க்கும், செய்தியிலும் வரலாற்றிலும் எழுதுவோர்க்கும் தெரித்து மொழியும் கடமை உண்டு.

அடுக்குமாடியில் வாழ்வோரைத் ‘தங்குகிறார்கள்’ என்று எழுதுவது பிழை. அது மூன்று தலைமுறைக் குடியை வழிப்போக்கராக்கிவிடும். விடுதியில் உள்ளோரைக் ‘குடியிருக்கிறார்கள்’ என்று எழுதுவதும் உண்மையாகாது. இல்லாத உரிமையை இருப்பதாக அது காட்டிவிடும். எனவே ‘தங்கியிருக்கிறார்கள்’ என்பதே அவர்க்கு ஏற்ற சொல். ஆயின், அச்சொல்லை எழுதுங்கால் ஒன்றை மறத்தல் ஆகாது. பேராலயத்தைக் கட்டியவர் தங்கியவரே. கடற்படைத் தளத்தில் உழைத்து மீண்டவர் தங்கியவரே. இன்று நாம் ஏறிச் செல்லும் ரயில் பாதைகளிலும், குடியிருக்கும் மாடிகளிலும் தங்கியவர் உழைப்பு உண்டு.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்னும் பெயரால் எழுதப்படும் நூல்கள், பெரும்பாலும் குடியிருந்தோர் வரலாறாகவே அமைகின்றன. கோயில் கட்டியோர், பள்ளி நிறுவியோர், சங்கம் அமைத்தோர் பெயர்கள் அவற்றில் நிரம்ப உள்ளன. அவை வேண்டுவனவே. ஆயினும், குடி அமைக்காமையால் பெயர் சொல்லப் பேரன் இல்லாது போனவர்க்கும் அவ்வரலாற்றில் இடம் வேண்டும். கப்பற் பதிவுகள், கைதிப் பட்டியல்கள், தோட்டக் கணக்குகள், நம் காலத்து விடுதி ஊழியர் எழுதும் கவிதைகளும் கடிதங்களும் ஆகியவற்றைத் தேடித் தொகுத்து வைத்தல் தமிழறிஞர் கடன்.

விடுதி என்னும் சொல்லும் வீடு என்னும் சொல்லும் ‘விடு’ என்னும் ஒரே வேரில் பிறந்தவை என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. வழிச்செல்வோர் சுமையை விட்டு இளைப்பாறும் இடம் விடுதி. குடும்பத்தார் அவ்வாறு இளைப்பாறும் இடம் வீடு. ஜூரோங்கில் இவ்விரண்டும் ஒரே சாலையின் இருபுறங்களில் நிற்கின்றன. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாக்கி வழங்குகிறது. தமிழ் அவற்றைப் பிரித்துக் கூறினும், அவை ஒரு வேரின் இரு கிளைகள் என்பதை மறைக்கவில்லை.